மைசூர்ச் சீமையின் பட்டுக்கூடு

மைசூர் என்ற பெயரைக் கேட்டவுடன், மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம் தமிழ் மக்களுக்கு அரண்மனையும் தசரா ஊர்வலமும் நினைவுக்கு வரும். அடுத்தபடியாகச் சந்தன சோப்பு, ஊதுவத்தி. பெண்மக்களைக் கேட்டால் மைசூர்ப் பட்டு என்பார்கள். சேலையைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. சேலைக்கு நூலும், நூலுக்குக் கூடும், கூட்டுக்குப் புழுவும், புழுவுக்கு இலையும் வேண்டும் என்பதையும், இந்த நான்கும் மைசூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு சிறு குடும்பத் தொழில்களாக நடைபெற்று வருகின்றன என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. இன்று நாம் அக்குடும்பத் தொழிலைப் பற்றியும், அதற்கு எத்தகைய துணை எப்போது கிடைத்தது என்பதைப் பற்றியும் சிறிது விளக்க முற்படுகிறோம்.

அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் உள்ள நம் போன்றோருக்கு 'தொழில்முனைவோர்' என்ற சொல் நாள்தோறும் கைக்கு வந்து போவது. அச்சொல்லைக் கேட்டதும் நகரத்து அலுவலகமும், கண்ணாடிக் கதவும், மேசையும் மனத்தில் தோன்றுகின்றன. ஒன்றரை ஏக்கர் நிலத்தில் மல்பெரி பயிரிட்டு, வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகையில் நாற்பதாயிரம் புழுக்களுக்கு இரவும் பகலும் இலை போடும் குடியானவரும் அவர் மனைவியும் தோன்றுவதில்லை. ஆயினும் முதல் போட்டு, இழப்பை ஏற்கத் துணிந்து, விலை என்னவாகும் என்று அறியாமலே சரக்கை ஆக்கிச் சந்தைக்குக் கொண்டு செல்பவர் எவரோ அவரே முனைவோர் என்றால், இவர்களைவிட அப்பெயருக்கு உரியவர் வேறு யார்?

தொழிலின் முறையை முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு பட்டுப்பூச்சி நானூறு முதல் ஐந்நூறு முட்டைகள் வரை இடும். ஒரு தாய் இட்ட முட்டைகள் ஒரு தொகுதி. சிறு விவசாயி ஒருவர் ஒரு முறைக்கு நூறு தொகுதி வாங்கினால் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட புழுக்கள் வெளிவரும். வெளிவரும்போது எறும்பளவு, கூடு கட்டும் பருவத்தில் விரலளவு. ஏறத்தாழ இருபத்தைந்து நாட்களில் புழுவின் எடை பதினாயிரம் மடங்கு பெருகுகிறது. இதற்கிடையே நான்கு முறை தோலுரிக்கிறது. தோலுரிக்கும் வேளையில் தலையைத் தூக்கியபடி அசையாது கிடக்கும். அப்போது இலை போடலாகாது. கடைசிப் பருவமாகிய ஏழெட்டு நாட்களில் அது உண்ணும் இலை, பிறந்தது முதல் உண்ணும் மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டது. அந்நாட்களில் அவ்வீட்டில் எவரும் முழு இரவு உறங்குவதில்லை. கொட்டகையினுள் புழுக்கள் இலையைக் கடிக்கும் ஓசை, ஓலைக் கூரையில் மெல்லிய மழை பெய்வது போல் கேட்கும்.

பின்னர்ப் புழுவின் உடல் கண்ணாடி போல ஒளிபுகும் நிலையை அடைகிறது. இதனைப் பழுத்த புழு என்பர். உடனே பொறுக்கி, மூங்கிலால் சுழல் வடிவில் பின்னிய சந்திரிகை என்னும் தட்டியில் விடவேண்டும். சிறிது காலம் தாழ்த்தினால், பட்டு வீணாகத் தட்டிலேயே கக்கப்பட்டுவிடும். இரண்டு மூன்று நாட்களில் புழு தன்னைச் சுற்றிக் கூட்டைக் கட்டி முடிக்கிறது. ஐந்தாறு நாட்களில் கூட்டைப் பறித்து விற்றாக வேண்டும்; வைத்திருந்தால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துவிடும், அவ்வாறு துளைபட்ட கூட்டில் தொடர்ச்சியான இழை எடுக்க இயலாது. நெல்லைக் களஞ்சியத்தில் போட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். மிளகாயை உலர்த்தி வைக்கலாம். பட்டுக்கூட்டுக்கு அத்தகைய வசதி இல்லை. இத்தொழிலின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. இதனை மனத்திற் கொண்டால்தான் பின்னர்ச் சொல்லப்போவது விளங்கும்.

இலாபமும் இதே வேகத்தில் வருவதுதான் இத்தொழிலின் கவர்ச்சி. மல்பெரியை ஒரு முறை நட்டால் பல்லாண்டுகள் தழைக்கும். நீர்ப்பாசனம் இருக்குமாயின் ஆண்டுக்கு ஐந்து முறை, சில தோட்டங்களில் அதற்கு மேலும், புழு வளர்க்கலாம். கரும்புக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை காசைக் காண்பார். ஆலைக்காரர் பணம் தரும் நாளை எண்ணிக்கொண்டும் இருப்பார். பட்டுக்கூடு விற்பவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கையில் பணம் காண்கிறார். பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடனும் அறுவடைக்குக் காத்திருப்பதில்லை அல்லவா?

நூறு தொகுதியிலிருந்து நல்ல விளைச்சலாயின் அறுபது கிலோவும் அதற்கு மேலும் கூடு கிடைக்கும். நோய் வந்தால் ஒன்றும் கிடைக்காது. 'ஒன்றும்' என்று நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இருபது நாள் இலை போட்டு வளர்த்த புழு அனைத்தும் இரண்டு நாளில் அழுகிக் கறுத்துப் போவதுண்டு. அதைக் குழிவெட்டிப் புதைத்துச் சுண்ணாம்பு தூவுவதன்றி வேறு வழியில்லை.

இந்நோய்களுள் பழமையான பெப்ரைன் என்பது தாயிடமிருந்து முட்டைக்குச் செல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் பட்டுத் தொழிலை ஏறக்குறைய அழித்துவிட்டது. 1865-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி லூயி பாஸ்டர் இதனை ஆராயத் தொடங்கினார். அவர் கண்ட வழி மிக எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்க. பின் அத்தாயை நசுக்கி நீரிற் கரைத்து நுண்பெருக்கியில் பார்க்க. நோய்த்துகள் தெரிந்தால் அத்தாயின் முட்டைகளை எரித்துவிடுக. அவ்வளவே. நோயற்ற முட்டைத் தொகுதி என்று இன்று நம் நாட்டில் விற்கப்படுவது இம்முறையால் தேர்ந்ததே. ஆனால் எளிய இவ்வழியை ஒன்றரை ஏக்கர் விவசாயி தாமே செய்துகொள்ள இயலுமா? நுண்பெருக்கிக்கும், பயின்ற கண்ணுக்கும், குளிர்பதன அறைக்கும் அவர் எங்கே போவார்? சிறு தொழிலுக்குத் துணை என்றால் கடனும் மானியமும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் கருத்தில், தனியொருவர் எவ்வளவு உழைத்தாலும் தாமே செய்துகொள்ள முடியாதவற்றைச் செய்து தருவதே முதல் துணை. கடன் அதற்கு அடுத்ததே.

மைசூரின் வரலாறும் இதையே காட்டுகிறது. இச்சீமையில் பட்டுப்புழு வளர்ப்புக்கு வித்திட்டவர் திப்பு சுல்தான். 1780-களில் வங்காளத்திலிருந்து புழுக்களைத் தருவித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வளர்க்க ஏற்பாடு செய்தார். 1799-இல் அவர் வீழ்ந்தபின் அரண்மனையின் ஆதரவு போயிற்றேயன்றி, குடியானவர் கைக்குச் சென்றுவிட்ட தொழில் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோயால் நலிந்தது. 1896-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரின் பசவனகுடியில் ஒரு பட்டுப் பண்ணையை நிறுவி, ஜப்பானிய முறையைக் கற்பிக்க ஜப்பானியத் தம்பதியரை வரவழைத்தார். பசவனகுடிக்குச் செல்லும் நம்மவர் நந்தி கோயிலையும் கடலைக்காய்த் திருவிழாவையும் அறிவர். பட்டுப் பண்ணையின் நினைவு ஒரு சாலையின் பெயரளவில் நிற்கிறது.

1912-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், சுவிட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகளைத் தருவித்து மைசூரில் நெசவாலை தொடங்கப்பெற்றது. அரண்மனைக்கும் படைவீரரின் உடைக்கும் வேண்டிய பட்டை நெய்வது அதன் முதல் நோக்கம். இன்று மானந்தவாடிச் சாலையில் இயங்கும் ஆலை அதன் வழிவந்ததே. 1980 முதல் மாநில அரசின் பட்டுத் தொழிற் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. இதே காலத்தில் சமஸ்தானம் பட்டு வளர்ப்புக்கெனத் தனித் துறை அமைத்து, இத்தாலிய நிபுணர் ஒருவரையும் வரவழைத்தது. சென்னபட்டணத்தில் அரசினர் பண்ணை எழுந்தது. 1920-களில் உள்ளூர்ப் பூச்சியினத்தையும் வெளிநாட்டு இனத்தையும் கலந்து பெற்ற கலப்பினப் புழு விவசாயிகளிடையே பரவத் தொடங்கியது. உள்ளூர் மைசூர் இனம் வெயிலையும் நோயையும் தாங்கும். கூடு சிறியது, பச்சை கலந்த மஞ்சள் நிறமுடையது, இழை குறைவு. வெளிநாட்டு இனம் இழை மிகுதியாகத் தரும். ஆனால் நம் கோடையைத் தாங்காது. இரண்டையும் சேர்த்தபோது விளைந்தது விவசாயிக்குக் கட்டுப்படியாகும் புழு. இதற்குத் தாயாகிய தூய மைசூர் இனத்தைக் குணிகல், மாகடிப் பகுதிகளிலுள்ள சிற்றூர்கள் வித்துக்கெனவே வளர்த்து வருகின்றன.

இத்துணைகள் எல்லாம் இருந்தும் தொழிலை இருமுறை மூன்றுமுறை உலுக்கியது வெளியிலிருந்து வந்த விலைவீழ்ச்சி. 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தின்போது சீனத்துப் பட்டும் ஜப்பானியப் பட்டும் மலிவாக வந்து குவிந்தன. போதாக்குறைக்குச் செயற்கைப் பட்டு வேறு. மல்பெரித் தோட்டங்களை அழித்து ராகி விதைத்தவர் பலர். சுங்கக் குழுவினர் ஆராய்ந்தபின் 1934-இல் பாதுகாப்பு வரி விதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வான்குடைக்குப் பட்டு வேண்டியிருந்தது, விலை ஏறிற்று. போர் முடிந்ததும் மீண்டும் இறங்கிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டு மத்தியப் பட்டு வாரியம் தோன்றியதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். அண்மைக் காலத்திலும் இது நின்றுவிடவில்லை. 2011-இல் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டபோது கூட்டின் விலை சரிந்து, விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினர். 2013-இல் அது பதினைந்தாக உயர்த்தப்பட்டது. தில்லியில் ஒரு வரியில் எழுதப்படும் எண், மைசூர்ச் சிற்றூரில் ஒரு குடும்பத்தின் இரண்டு மாத உழைப்பின் விலை. மலிவு நூல் கிடைத்தால்தான் தறி ஓடும் என்று நெசவாளர் கூறுவதிலும் உண்மை உண்டு. இருவரும் ஏழைகளே என்பதுதான் இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு அரிதாக்குகிறது.

இனிச் சந்தைக்கு வருவோம். முன்னர் நாம் குறித்தது போல், கூடு காத்திருக்காத சரக்கு. பழைய நாளில் வியாபாரி ஊருக்கே வருவார். அல்லது முன்பணம் கொடுத்தவரே வாங்குவார். எடைபோடும் கோலும் அவருடையது, விலையும் அவருடையது, பணம் தரும் நாளும் அவருடையது. 'நாளை வருகிறேன்' என்று அவர் எழுந்து போனாலே போதும். உள்ளே பூச்சி வளர்ந்துகொண்டிருப்பதை அறிந்த விவசாயி விலையைக் குறைத்துக்கொண்டு பின்னால் ஓடுவார். இதனை மாற்றவே 1959-இல் மைசூர் மாநில அரசு பட்டுப்புழு வித்து, கூடு, நூல் ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. கூட்டை அரசினர் சந்தையில் ஏலத்தில் விற்கவேண்டும். உரிமம் பெற்ற நூற்பாளரே ஏலம் கேட்கலாம். நடைமுறையில் இது முழுமையாக வேரூன்றப் பல்லாண்டுகள் ஆயின. 1979-இல் நூலின் விலை அளவுக்கு மீறி இறங்காமல் தாங்கிக்கொள்ளப் பட்டு விற்பனை வாரியமும் அமைக்கப்பட்டது.

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே இரயிலில் செல்வோர் ராமநகரத்தைக் கடந்து போவர். பாறைக் குன்றுகளைப் பார்த்துவிட்டு, திரைப்படம் எடுத்த இடம் என்று சொல்லிக்கொள்வர். ஆசியாவிலேயே மிகப் பெரியதாகக் கூறப்படும் பட்டுக்கூட்டுச் சந்தை அவ்வூரில் இருக்கிறது. கூடங்களில் வரிசையாகத் தட்டுகள். தட்டு நிறைய வெள்ளையும் மஞ்சளுமாகக் கூடுகள். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண். நூற்பாளர் கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குவார், விரலால் அழுத்துவார், அவ்வளவில் இழை எப்படி வரும் என்று கணித்துவிடுவார். முன்பு வாய்விட்டுக் கேட்ட ஏலம் இப்போது மின்னணு முறையில் நடைபெறுகிறது. கேட்ட விலை பிடிக்கவில்லையென்றால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு உண்டு. அரசினர் தராசு எடைபோடுகிறது. பணம் வங்கிக் கணக்கில் சேருகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளும் தம் மாநிலத்துச் சந்தைகள் இருக்கவே, விலை நயம் கருதி ராமநகரத்துக்குக் கூடு கொண்டுவருவதுண்டு. கூட்டம் மிகுந்த இடத்தில்தான் போட்டி மிகும் என்பதைப் பொருளாதார நூல் படியாமலே அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

ஏலம் கேட்கும் நூற்பாளரைச் செல்வர் என்று கருதிவிடலாகாது. அவரும் சிறு தொழிலினரே. பலருக்கு வீட்டுப் பின்கட்டே தொழிற்சாலை. கூட்டைக் கொதிநீரில் வேகவைத்து, இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, எட்டுப் பத்து இழைகளை ஒன்றாக்கிச் சுற்றவேண்டும். புகையும், கூட்டுப்புழுவின் நாற்றமும், சுடுநீரில் வெந்து தோலுரியும் விரல்களும் இத்தொழிலின் கூலிகள். கூடு வாங்கப் பணம் உடனே வேண்டும். நூல் விற்ற பணம் பிறகே வரும். ஆகவே சந்தை திருந்தியதால் விவசாயிக்குக் கிடைத்த நன்மையின் சுமையில் ஒரு பகுதி இவர் தோளில் ஏறிற்று என்றே சொல்லவேண்டும். நடைமுறை மூலதனக் கடன் இவருக்குத்தான் இன்றியமையாதது. விவசாயிக்குத் தரும் கவனத்தில் பாதியளவேனும் நூற்பாளருக்குத் தரப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

மைசூர் நகரில், மேற்சொன்ன நெசவாலை இருக்கும் அதே மானந்தவாடிச் சாலையில், ஸ்ரீராம்புரத்தில் மத்தியப் பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இது 1961-இல் நிறுவப்பெற்றது. 1997-இல் இந்நிலையம் வெளியிட்ட வி-1 என்னும் மல்பெரி வகை, நீரும் எருவும் குறைவின்றி அமைந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு அறுபது டன் இலை தரவல்லது. தென்னிந்தியாவின் தோட்டங்களில் இன்று பெருவாரியாகக் காணப்படுவது அதுவே. ஜப்பானிய ஒத்துழைப்புடன் 1991 முதல் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, நம் வெப்பத்தில் வளரக்கூடிய வெண்பட்டு இனங்களும் இங்கே உருவாயின. பழைய மைசூர் இனத்தின் கூட்டில் நானூறு மீட்டர் இழை கிடைப்பதே அரிது. வெண்பட்டுக் கூட்டில் ஆயிரம் மீட்டருக்கு மேல் அறுபடாமல் வரும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு போதும். ஒரு சேலைக்கு அரைக் கிலோ பட்டு என வைத்துக்கொண்டால், ஏறத்தாழ இரண்டாயிரம் புழுக்களின் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். வெண்பட்டுப் புழு மென்மையானது. கொட்டகை காற்றோட்டமாகவும் வெப்பம் இருபத்தெட்டு பாகைக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். அத்தகைய கொட்டகை கட்ட மானியம் தரப்படுகிறது. 1980-இல் கருநாடகத்துக்குள் புகுந்த ஊசி ஈயைத் தடுக்கச் சாளரங்களுக்கு வலையும் வேண்டும். ஈ ஒன்று, புழுவின் மேல் ஒரு சிறு முட்டை. அக்கூடு பிறகு எதற்கும் உதவாது.

தமிழருக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவு புதிதன்று. பட்டு வளர்ப்பில் பெயர்பெற்ற கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் முதல் நாள்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சென்னை இராஜதானியின் மல்பெரித் தோட்டங்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்தன. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அது மைசூரோடு சேர்ந்தது; மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று உள்ளது. எல்லைக்கு இப்பால் தாளவாடியில் நம்மவர் அத்தொழிலைத் தொடர்ந்தனர். காஞ்சிபுரத்துத் தறியில் ஓடும் பட்டு நூலில் பெரும்பகுதி நெடுங்காலமாகப் பெங்களூர் வழியாகக் கருநாடகத்திலிருந்து வந்ததே. முகூர்த்தப் புடைவை எவ்வூர்ப் பெயரைத் தாங்கினாலும் இலை இருவூர்க் காவிரிக் கரையினது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். கொட்டகையில் நடைபெறும் வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது. இலையின் பதத்தை விரலால் தொட்டறிவதும், பழுத்த புழுவைக் கண்ணால் தேர்வதும் அவர்களே. நிலப்பட்டாவும் சந்தைப் புத்தகமும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் ஆடவர் பெயரில் இருக்கின்றன. ஆதலால் கடனுக்கும் மானியத்துக்கும் பயிற்சிக்கும் அழைப்பு வரும்போது ஆடவரே செல்கின்றனர். கற்றுக்கொள்ள வேண்டியவர் வீட்டில் இலை நறுக்கிக்கொண்டிருக்கிறார். மகளிர் சுய உதவிக் குழுக்கள் சில இடங்களில் இதைச் சிறிது மாற்றியுள்ளன. பட்டாவில் இருவர் பெயரும் ஏறினாலன்றி முழுதும் மாறாது என்பது நம் துணிபு.

இத்தொழிலிலிருந்து கிளைத்துள்ள புதிய சிறு தொழில்களும் உண்டு. இவற்றுள் நமக்கு மிகுந்த வியப்பளிப்பது இளம்புழு வளர்ப்பு மையம். புழு குஞ்சாக இருக்கும் முதல் பத்து நாட்களில்தான் வெப்பமும் ஈரமும் மிக நுட்பமாக அமைதல் வேண்டும். அப்போது ஏற்படும் குறை கடைசிப் பருவத்தில் நோயாக வெளிப்படும். முன்பு ஒவ்வொரு வீட்டிலும் தாளை மூடியும் ஈரத்துணி சுற்றியும் இயன்றவரை செய்து வந்தனர். இப்போது பயிற்சி பெற்ற ஒருவர் தனிக் கொட்டகையும் தனித் தோட்டமும் அமைத்துப் பலருக்கும் வேண்டிய முட்டைகளை வாங்கி, இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்த்து விற்கிறார். வாங்குகிறவருக்குப் பத்து நாள் மிச்சம். ஆண்டில் ஒரு விளைச்சல் கூடுகிறது. விற்கிறவருக்கோ பெயரே முதல்: அவர் கொடுத்த புழு ஒரு முறை நோயுற்றால் சுற்றுவட்டாரம் முழுவதும் அடுத்த மையத்துக்குப் போய்விடும். ஆகவே அம்மையங்களில் வாயிலிலேயே கால் நனைக்க மருந்துநீர்த் தொட்டி வைத்திருப்பார்கள். அதில் இறங்காமல் உறவினரைக்கூட உள்ளே விடுவதில்லை. புழுக்கள் தோலுரித்து எழுமுன், வெயில் ஏறாத விடியற்காலையில், தாள் விரித்த தட்டுகளில் அடுக்கி வண்டியில் ஏற்றி அனுப்புகின்றனர். டி. நரசீபுரத்துச் சாலையில் அவ்வேளையில் செல்வோர், பால் வண்டிக்கு முன்பாகவே புழு வண்டி போவதைக் காணலாம்.